நான்கு என்னும் எண்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், குழித்துறைப் பாலத்திற்கு அப்பால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவேயிருந்த ஒரு வீட்டிற்கு அன்பியத்தார் சிலராகச் சென்றிருந்தோம். வீட்டுத் தலைவர் பால்வெட்டுத் தொழிலாளி. இரண்டு வயது நிரம்பாத அவருடைய பெண்பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, வலப்பக்க விலாவின்கீழ் ஏதோ கல்போலத் தட்டுப்படுவதைத் தாய் உணர்ந்திருந்தார். ஸ்கேன், இரத்தச் சோதனை, பெரிய மருத்துவமனை என்று பத்து நாள்கள் ஓடின. கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி என்று முடிவாயிற்று. தந்தை பேசும் நிலையில் இல்லை. தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தாய்மாமனை மட்டும் அழைத்து மருத்துவர் நெடுநேரம் விளக்கியிருக்கிறார். அந்த விளக்கத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தது ஒரே ஒரு சொல்தான்: நான்கு.

“நாலாண்ணு சொல்லியாச்சு. இனி பச்சப்பிள்ளைய ஏன் ஊசி குத்தி வதைக்கணும்? ஆண்டவருக்கு விட்டிருவோம்” என்றார் பாட்டி. அவர் குரலில் கொடுமை ஏதும் இல்லை, அன்பே இருந்தது. நாமும் தலையசைத்தோம். செபமாலை சொன்னோம். கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு வீடு திரும்பினோம்.

அன்று நாம் தலையசைத்தது சரிதானா? அந்தக் கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை.

பத்தொன்பது நாள்கள் சென்றபின், வெளிநாட்டில் செவிலியாகப் பணியாற்றி விடுமுறையில் வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் அந்த மருத்துவக் குறிப்பை வாங்கிப் படித்தார். “இது நாலாம் ஸ்டேஜ் இல்லக்கா. ஈரலோட நாலு பங்கிலயும் கட்டி இருக்குண்ணு எழுதியிருக்கு. வேற எங்கயும் பரவலேண்ணும் எழுதியிருக்கு” என்று தாயிடம் சொன்னார். மறுநாள் விடியுமுன் அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள்.

‘நாலாம் ஸ்டேஜ்’ என்பதற்கும் ‘நான்கு பங்கிலும்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு பிள்ளையின் உயிர் அளவினது. அத்தொலைவைச் சற்று நின்று பார்ப்போம்.

பச்சிளம் பருவத்தில் கல்லீரலில் தோன்றும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை ‘ஹெப்பட்டோபிளாஸ்டோமா’ எனப்படும் வகையைச் சேர்ந்தவை. பத்து இலட்சம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், ஆண்டொன்றுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வரக்கூடிய அரிய நோய் இது. பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன்னரே வெளிப்படுகிறது. குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையோடு பிறந்த பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பெரியவர்களுக்கு வரும் ஈரல் புற்றுநோய் வேறு. மது, மஞ்சள்காமாலைக் கிருமி என்று அதற்குக் கூறப்படும் காரணங்களை இப்பிள்ளைகளின் பெற்றோர்மீது சுமத்துவது அறியாமை. பிறவிக் குருடனைக் கண்டபோது, யார் செய்த பாவம் என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டார்கள். அதே கேள்வியை அந்த வீட்டுத் திண்ணையில் ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டதையும் நாம் காதால் கேட்டோம்.

இந்நோயை அளப்பதற்கு உலகில் இரு முறைகள் வழங்கிவந்தன. அமெரிக்க மருத்துவர்கள் நெடுங்காலம், அறுவை முடிந்தபின் எஞ்சியிருப்பதைப் பார்த்து நிலை வகுத்தார்கள். கட்டி முழுவதும் நீங்கினால் முதல் நிலை. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் எஞ்சினால் இரண்டாம் நிலை. கண்ணுக்குத் தெரியும் அளவு எஞ்சினால், அல்லது எடுக்கவே இயலாமற்போனால் மூன்றாம் நிலை. நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் நான்காம் நிலை. இது ஒரு ‘நான்கு’. பன்னாட்டுக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் கல்லீரல் குழுவினர் ஐரோப்பாவில் 1990ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் வேறொரு முறையைக் கையாண்டார்கள். மருந்து ஏதும் கொடுக்குமுன் ஈரலை நான்கு பகுதிகளாகப் பிரித்து, அவற்றில் எத்தனை பகுதிகள் கட்டியால் பற்றப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது அம்முறை. அதற்குப் ‘பிரீடெக்ஸ்ட்’ என்று பெயர். மருத்துவத்திற்கு முன் நோயின் பரப்பு என்பது அதன் பொருள். ஒரு பகுதியும் மிஞ்சாமல் எல்லாவற்றிலும் கட்டி இருந்தால் நான்கு. வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பதைத் தனியே ஓர் எழுத்தால் குறிப்பார்கள். இது மற்றொரு ‘நான்கு’. எண் ஒன்றே, பொருள் வேறு.

இரண்டாவதாகச் சொன்ன நான்கும் எளிதானதன்று. அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது முடிவுரையன்று, தொடக்கக் குறிப்பு. மருந்தால் கட்டி சுருங்கக்கூடும். சுருங்கியபின் மீண்டும் அளப்பார்கள். நான்கு மூன்றாகலாம், வெட்டி எடுக்கும் வழி திறக்கலாம். அவ்வாறு சுருங்காவிட்டாலும், பரவல் இல்லாத பிள்ளைக்கு ஈரலையே மாற்றி வைக்கும் வழி உண்டு. 1998 நவம்பரில் டெல்லியில், நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுக்குத் தந்தை தம் ஈரலில் ஒரு பங்கைக் கொடுத்தார். அக்குழந்தையின் நோய் புற்று அன்று, பித்தநாளக் குறைபாடு. ஆயினும் நம் நாட்டில் குழந்தைக்கு ஈரல் மாற்றிவைத்து வெற்றிகண்ட முதல் நிகழ்ச்சி அதுவே. அந்தக் குழந்தை வளர்ந்து, மருத்துவம் பயின்று, தாமும் மருத்துவராகியிருக்கிறார்.

எண்களைப் பாமரக் கண்ணால் படிப்பதில் இன்னோர் இடறலும் உண்டு. இந்நோயில் ‘ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன்’ என்னும் ஒரு புரதம் இரத்தத்தில் மிகும். சில பிள்ளைகளிடம் இலட்சக்கணக்கில் ஏறிவிடும். அந்த இலட்சத்தைக் கண்டு பெற்றோர் நடுங்குவார்கள். உண்மையில், கட்டி இருந்தும் அப்புரதம் 100க்குக் கீழே இருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் மருத்துவர்கள் கூடுதலாகக் கவலைப்படுகிறார்கள். பெரிய எண் பெரிய தீமை, சிறிய எண் சிறிய தீமை என்னும் நம் சந்தைக் கணக்கு இங்கே செல்லாது.

சோதிடம் பார்ப்பது, பிரச்னம் வைப்பது ஆகியவற்றைக் கண்டித்து மறையுரைகள் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் மருத்துவமனைக் காகிதம் ஒன்று கைக்கு வந்ததும் அதைச் சாதக ஓலையைப்போலவே படித்தோம். ஓலையில் எழுதியிருப்பது நடந்தே தீரும். மனிதர் செய்யத்தக்கது காத்திருப்பது மட்டுமே. அளவை என்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று. கொத்தனார் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது சுவர் விழும் நாளைச் சொல்வதற்காகவா?

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நம் வாசகர் அறிவர். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலத்தின் அளவு ஆகிய மூன்றையும் கற்றறிந்த மருத்துவன் கருதவேண்டும் என்று ஒரு குறளில் வள்ளுவர் கூறுகிறார். பிணிக்கு அளவு உண்டு என்பதை அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஒருவர் சொல்லியிருப்பதை நாம் வியந்து பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அக்குறள் எந்தச் சொல்லில் முடிகிறது என்பதைக் கவனிப்பதில்லை. அது ‘செயல்’ என்று முடிகிறது. கருதுவது செய்வதற்காக, முன்கூட்டிச் சொல்வதற்காக அன்று. ஐரோப்பிய மருத்துவர்கள் 1990இல் ஈரலை நான்காகப் பிரித்ததும் அதற்காகவே: எந்தப் பிள்ளையை உடனே அறுக்கலாம், எந்தப் பிள்ளைக்கு முதலில் மருந்து தரவேண்டும், எவ்வளவு தரவேண்டும் என்று முடிவு செய்வதற்காக.

இதன் பயனைக் கண்கூடாகக் காட்டும் ஒரு சான்று உண்டு. அந்தக் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அபாயம் குறைந்தவர்கள் எனக் கணிக்கப்பட்ட பிள்ளைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து மட்டும். மற்றவர்களுக்கு அதனோடு டாக்சோரூபிசின் என்னும் மருந்தும் சேர்த்து. மூன்றாண்டுகளுக்குப் பின் முதற்பிரிவில் நூற்றுக்கு 95 பேரும், இரண்டாவதில் 93 பேரும் உயிரோடு இருந்தார்கள். டாக்சோரூபிசின் இதயத்தைத் தாக்கக்கூடிய மருந்து. சரியாக அளந்ததனால் அப்பிள்ளைகளின் இதயம் ஓர் இடரிலிருந்து தப்பிற்று. சிஸ்பிளாட்டினோ செவிப்புலனைக் கெடுப்பது. நோய் பரவாத பிள்ளைகளுக்கு, அது செலுத்தப்பட்ட ஆறு மணி நேரத்திற்குப் பின் சோடியம் தயோசல்ஃபேட் என்னும் எளிய உப்பைக் கொடுத்தால், செவித்திறன் குறைபவர்கள் நூற்றுக்கு 63 பேரிலிருந்து 33 பேராகக் குறைகிறார்கள் என்று 2018இல் கண்டார்கள். பிணியளவைக் கருதுவதில் இத்தனை கருணை அடங்கியிருக்கிறது.

ஆனால் எண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் மருத்துவத்தைப் புதிய சோதிடமாக்கியவர்கள் ஆவோம். ஐரோப்பா, செருமனி, அமெரிக்கா, சப்பான் ஆகிய நான்கு ஆய்வுக் குழுக்கள் தம்மிடமிருந்த 1,605 பிள்ளைகளின் குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்து, அம்முடிவுகளை 2016, 2017ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். பிள்ளையின் வயது, ஈரலில் கட்டியின் பரப்பு, புரதத்தின் அளவு, பரவல் முதலியவற்றைச் சேர்த்து, மிகக் குறைந்த அபாயம் முதல் மிகுந்த அபாயம் வரை நான்கு படிகள் வகுத்தார்கள். (மீண்டும் ஒரு நான்கு!) இன்று மருத்துவர் ஒருவர் நூற்றுக்கு இத்தனை என்று சொன்னால், அச்சொல்லுக்குப் பின்னால் இத்தகைய பிள்ளைகளின் வாழ்வும் சாவும் நிற்கின்றன. நூறு பிள்ளைகளில் எத்தனை பேர் என்று அந்த எண் சொல்லும். அந்நூற்றுள் நம் மடியில் இருக்கும் பிள்ளை யார் என்று சொல்லாது. அதைச் சொல்லத்தக்க எண் எதுவும் இல்லை.

அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டு 1982இல் வயிற்றுச் சவ்வில் தோன்றும் கொடிய புற்று ஒன்றுக்கு ஆளானார். அந்நோய் கண்டவர்களுள் பாதிப்பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று நூலகத்தில் படித்து அறிந்தார். கணக்கியல் அறிந்தவராதலால் அடுத்த கேள்வியையும் கேட்டார்: மற்றப் பாதிப்பேர் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள்? இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றினால் இறந்தார். மன உறுதி நோயை வென்றது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நல்ல மருத்துவமும் பெற்றார், நற்பேறும் இருந்தது. எண்ணை முழுமையாகப் படித்தார் என்பதே நாம் அவரிடம் கற்கவேண்டியது.

அந்த 1,605 பிள்ளைகளைப்பற்றி மற்றொரு செய்தி. அவர்கள் அனைவரும் ஆய்வுத் திட்டங்களின்கீழ் ஒழுங்காக மருத்துவம் பெற்றவர்கள். நூற்றுக்கு இத்தனை என்னும் எண், மருந்து கிடைக்கும், குறித்த நாளில் கிடைக்கும், காய்ச்சல் வந்தால் நள்ளிரவிலும் கவனிக்க ஆள் உண்டு என்பனவற்றையெல்லாம் உள்ளடக்கியது. மருத்துவத்தையே கைவிட்ட பிள்ளைக்கு அந்த எண் பொருந்தாது. செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள் என்றும், ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. கண்டறியக் காலந்தாழ்வதும், தொடங்கிய மருத்துவத்தை நடுவில் கைவிடுவதும் அதற்கான காரணங்களுள் அடங்கும். 2030ஆம் ஆண்டுக்குள் எங்கும் குறைந்தது 60 பேரையாவது காப்பது என்று அந்நிறுவனம் 2018இல் குறிக்கோள் வகுத்திருக்கிறது. அப்படியானால், பிள்ளையின் ஈரலைப்பற்றியது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் எண்ணில் பாதி, பிள்ளையைச் சுற்றியிருக்கும் நம்மைப்பற்றியது.

குழித்துறையில் ரயிலேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரம். 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே இருக்கிறது. சென்னை அடையாற்றில் 1954 முதல் புற்றுநோய் மருத்துவமனை இயங்கிவருகிறது. நாம் மருத்துவம் எட்டாத தீவில் வாழ்பவர்கள் அல்லர். ஆனால் பால்வெட்டுக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் இல்லை. மருத்துவமனை அருகில் வாடகைக்கு அறை எடுக்கவேண்டும். “ஆண்டவருக்கு விட்டிருவோம்” என்ற சொல்லில் இவை அனைத்தும் அடங்கியிருந்ததைப் பாட்டியின் அருகில் அமர்ந்திருந்த நாம் கேட்கத் தவறினோம். திருவிழாவிற்கு வாணவேடிக்கை விடவும் கொடிமரத்தைப் புதுப்பிக்கவும் நிதி திரட்டத் தெரிந்த நமக்கு, அந்த வீட்டிற்கு ரயில் கட்டணம் தேவைப்படுமே என்று தோன்றவில்லை. எண் நம் வாயை அடைத்துவிட்டது. ஒருவேளை நமக்கு வசதியாகவும் இருந்தது.

பாட்டியின் சொல் திருச்சபையின் போதனைக்குப் புறம்பானதும் அன்று. 1957 நவம்பர் 24ஆம் நாள், மயக்கமருந்து மருத்துவர்களிடையே பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், உயிரைக் காக்கப் பொதுவான வழிகளைக் கையாளக் கடமைப்பட்டுள்ளோம், நோயாளிக்கும் பிறருக்கும் பெருஞ்சுமையாகும் வழிகளுக்கு அக்கடமை இல்லை என்று தெளிவாக்கினார். துன்பத்தை நீட்டுவதற்கன்றி வேறெதற்கும் உதவாத மருத்துவத்தை நிறுத்திவிடலாம். ஆனால் எது பெருஞ்சுமை, எது வீண் என்று எப்படி அறிவது? அதற்கும் சரியான அளவை வேண்டும். தவறாகக் கேட்ட எண்ணைக்கொண்டு எடுத்த முடிவை இறைத்திட்டத்திற்குப் பணிதல் என்று எப்படி அழைப்பது?

எசேக்கியா அரசரின் கதையை இந்நாள்களில் பலமுறை நினைத்துக்கொண்டோம். அவர் சாகப்போகிறார் என்று முன்னுரைத்தவர் எளிய குறிகாரர் அல்லர், இறைவாக்கினர் எசாயா. அரசர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. இந்த அளவுக்கு எல்லாரும் அறிவோம். அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டுமாறு சொன்னவரும் அதே எசாயாதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி, தாயை வெளியே நிறுத்தியதைப்பற்றி. பெண்ணின் மனம் தாங்காது என்பது நம் ஊரில் எழுதாச் சட்டம். ஆனால் பிள்ளைக்கு மருந்தூட்டுபவர், இரவில் காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பவர், வாந்தியை அள்ளுபவர் அந்தத் தாய். அவருக்குச் சொல்லப்படாத உண்மை, வாய்மாறி வந்து, ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி, பொருளும் திரிந்து அவரை அடைந்தது. தாய்மாமனைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. அந்த அறையில் நாம் இருந்திருந்தாலும் நான்கு என்பதற்கு மேல் எதுவும் நம் செவியில் ஏறியிராது. இருவராகக் கேட்டிருக்கலாம், எழுதி வாங்கியிருக்கலாம், பொருள் விளங்காத சொல்லைத் திரும்பக் கேட்டிருக்கலாம். தாயிடம் உண்மையைச் சொல்வது கொடுமை என்று நாம் கருதியதில்தான் பிழை தொடங்கிற்று என்பது நம் கருத்து.

அந்தப் பிள்ளைக்கு மருந்து செலுத்தினார்கள். கட்டி சுருங்கிற்று, நான்கு மூன்றாயிற்று, அறுவையும் நடந்தது. தலைமுடி மீண்டும் முளைத்து, நம் கோயில் முற்றத்தில் அவள் ஓடி விளையாடியதை ஒரு பெருநாள் காலையில் கண்டோம். ஓராண்டிற்குள் நோய் நுரையீரலில் தலைகாட்டிற்று. இம்முறை மருத்துவர் தாயையும் உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பேசினார். இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே செய்யத்தக்கது என்று தாயும் தந்தையும் சேர்ந்து முடிவு செய்தார்கள். மூன்று வயதும் ஐந்து மாதமும் ஆனபோது அவள் தன் வீட்டிலேயே, தாயின் மடியில் இறந்தாள்.

அந்தப் பத்தொன்பது நாள்கள் வீணாகாதிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமா? மருத்துவத்தைக் கேட்டால், தனியொரு பிள்ளையைப்பற்றி அப்படிச் சொல்ல இயலாது என்றே விடை வரும். மேலே எண்ணுக்கு வரம்பு உண்டு என்று எழுதினோம். அந்த வரம்பு நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவும் மறுக்கிறது.

சென்ற நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் திருநாளன்று, மந்திரிப்பு முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சிறிய கல்லறை ஒன்றின்மேல் மெழுகுதிரிகளை நட்டுக்கொண்டிருந்த பாட்டி நம்மைக் கண்டதும் அருகே அழைத்தார். காற்றுக்கு அணைந்த திரியை மீண்டும் கொளுத்தியபடி, தலை நிமிராமலே கேட்டார்:

“அண்ணைக்கு நாலுண்ணு சொன்னது, நாலாம் ஸ்டேஜ் இல்லியாமே?”

“ஆமாம் பாட்டி, இல்லை” என்றோம்.

அவர் அடுத்த திரியை எடுத்தார். நாமும் அருகில் அமர்ந்து, காற்று படாமல் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டோம்.